லவோன் அக்கா இல்லாமல் தோற்ற ஆட்டம்

எல்க் ஃபோர்க், கான்சாஸ்
செவ்வாய்க்கிழமை, துணி காயப்போட்ட பிறகு

கர்த்தருக்குள் பிரியமான லவோன் அக்காவுக்கு,

உங்கள் ஓரகத்தி ஒப்பல் மிகுந்த அன்போடு எழுதுவது. ஆண்டவர் கிருபையால் இங்கே நானும் உங்கள் கொழுந்தனார் ராய்ஸும் எழுந்து நடமாடுகிறோம். அதுபோல் அங்கே டூசானில் நீங்களும் மகள் ஜோலீனும் பேரப்பிள்ளைகளும் ஒரு குறையும் இல்லாமல் இருக்க வேண்டும் என்று காலையிலும் படுக்கப் போகும்போதும் உங்கள் பெயரைச் சொல்லித்தான் ஜெபிக்கிறேன். இங்கே இந்த வருஷம் தக்காளி காய்த்துத் தள்ளிவிட்டது. உங்கள் பங்கைப் பாட்டிலில் அடைத்து, மூடியில் உங்கள் பெயரை எழுதி, கீழே நிலவறையில் தனித் தட்டில் வைத்திருக்கிறேன். உங்கள் கொழுந்தனார் ஒரு நாள் அதில் ஒன்றைத் திறக்கப் பார்த்தார். கரண்டியால் கையில் ஒன்று வைத்தேன். மற்றபடி வீட்டில் எல்லோரும் சுகம்.

சனிக்கிழமை நாம் தோற்றது உங்களுக்குத் தெரிந்திருக்கும். ஜோலீனிடம் போனில் கேட்டேன். "அம்மா கதவைச் சாத்திக்கிட்டு உள்ளயே இருந்தாங்க சித்தி, பாத்தாங்களா இல்லையான்னு தெரியல" என்றாள். பார்த்திருந்தாலும் டிவியில் காட்டியது மைதானத்தைத்தான். உண்மையில் நடந்தது பதினேழாம் வரிசையிலும் பதினெட்டாம் வரிசையிலும். அதை எழுதத்தான் இத்தனை தாளை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். நான் பள்ளிக்கூடத்தில் அதிகம் படித்தவள் இல்லை. வாசிப்பும் எழுத்தும் நானாகச் சேர்த்துக்கொண்டது. நடந்ததை நடந்த வரிசையில் எழுதத் தெரியும், நடுவில் ஆத்திரம் வந்தால் பேச்சு மாதிரி ஆகிவிடும், பொறுத்துக்கொள்ளுங்கள். முடிவில் ஒரு விண்ணப்பம் இருக்கிறது. அதை முதலிலேயே சொன்னால் கடிதத்தை மடித்து வைத்துவிடுவீர்களோ என்று பயம். சரி, மனதில் வைத்துக்கொண்டு எழுத எனக்கு வராது. அக்டோபரில், பழைய மாணவர்கள் எல்லாம் ஊர் திரும்புகிற ஹோம்கமிங் ஆட்டத்துக்கு நீங்கள் வர வேண்டும். சொல்லிவிட்டேன். மடிக்காமல் மேலே படியுங்கள்.

ஆகஸ்டில் நீங்கள் அனுப்பிய கவர் வந்தது. இந்த வருஷத்து ஆட்டங்களுக்கு உங்கள் டிக்கெட்டும் வெண்டல் அத்தானுடைய டிக்கெட்டும், கூடவே ஒரு துண்டுத்தாளில், "யாருக்காவது கொடுத்துவிடு ஒப்பல், எனக்கு இனிமேல் அங்கே வேலை இல்லை" என்று ஒரு வரி. உங்கள் கொழுந்தனாரிடம் காட்டினேன். வாசித்தார், மடித்தார், "புல்லு வெட்டணும்" என்று வெளியே போனார். முந்தின நாள்தான் வெட்டியிருந்தார். ஏப்ரலில் அத்தானை அடக்கம் செய்துவிட்டு வந்ததிலிருந்து மனுஷர் இப்படித்தான் இருக்கிறார். ஒரு சொட்டுக் கண்ணீர் இல்லை, அண்ணனைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. நம் வீட்டுப் புல்தான் குட்டையாகிக்கொண்டே போகிறது.

"ரெண்டு இடமும் சும்மா கெடக்கட்டும்" என்றார். எனக்கு மனம் கேட்கவில்லை அக்கா. என் குணம் உங்களுக்குத் தெரியும். ரொட்டி சுற்றி வந்த பையைக்கூடக் கழுவிக் காயவைக்கிறவள் நான். காசு கொடுத்த இடத்தைக் காலியாகப் போட்டு வைக்க எப்படி மனசு வரும்? சனிக்கிழமை வந்தது உள்ளூர் ஆட்டம், அதுவும் மேப்பிள் க்ரீக் காலேஜோடு. நம் காலேஜே காசு கொடுத்து, எங்களிடம் வந்து தோற்றுவிட்டுப் போங்கள் என்று கூப்பிட்ட சின்னக் காலேஜ். நிச்சயம் ஜெயிக்கிற ஆட்டம். ஃபுட்பால் தெரியாதவர்களை முதல் தடவை கூட்டிக்கொண்டு போக இதைவிட நல்ல நாள் கிடைக்காது என்று கணக்குப் போட்டு, உங்கள் கொழுந்தனாரைக் கேட்காமல் புதுப் பாஸ்டரையும் அவர் மனைவியையும் அழைத்துவிட்டேன்.

இந்தப் பாஸ்டரை நீங்கள் பார்த்ததில்லை. நீங்கள் டூசான் போன பிறகு ஜூனில் வந்தவர். பெயர் இலியட், வெர்மான்ட் பக்கத்து ஆள். மனைவி பெயர் பெய்ஜ். சின்ன வயது, பிரசங்கம் நன்றாகத்தான் செய்கிறார். ஆனால் வந்த முதல் ஞாயிறே, இலையுதிர் காலத்தில், ஃபுட்பால் நடக்கிற அதே சனிக்கிழமை மதியம் ஒரு ஜெபக்கூட்டம் தொடங்கலாமா என்று சபையைக் கேட்டுவிட்டார். ஆலயத்தில் ஊசி விழுந்தால் கேட்கும். அந்த அமைதியை அவர் ஆவியானவரின் அசைவு என்று நினைத்துக்கொண்டு நின்றார். கடைசியில் டயர் கடை டெல்பர்ட்தான் எழுந்து, "பிப்ரவரியில வச்சுக்கலாம் பாஸ்டர், அப்ப யாருக்கும் வேலை இருக்காது" என்றான். பாஸ்டர் நம் வீட்டுக்கு ஆறுதல் சொல்ல இரண்டு தடவை வந்தார். இரண்டு தடவையும் உங்கள் கொழுந்தனாருக்குப் புல் வெட்ட வேண்டியிருந்தது.

சனிக்கிழமை காலை அவர்களை ஏற்றிக்கொள்ளப் போனால், பெய்ஜ் ஊதா நிற கவுன் போட்டுக்கொண்டு வாசலில் நிற்கிறாள். ஊதா மேப்பிள் க்ரீக்காரன் நிறம் அக்கா! உங்கள் கொழுந்தனார் வண்டி ஸ்டியரிங்கை விட்டுக் கையை எடுத்துவிட்டார். "நல்லா இருக்கா ஆன்ட்டி? புதுசு" என்கிறாள் அந்தப் பெண். பாஸ்டர் மனைவியிடம் எப்படிச் சொல்வது? "அழகா இருக்கும்மா, ஆனா உனக்குக் குளிருமே" என்று என்னுடைய பழுப்புக் கம்பளிச் சட்டையை மேலே மாட்டிவிட்டேன். குளிரா! கார் நிறுத்துகிற இடத்தில் தார் உருகி செருப்பில் ஒட்டுகிறது. அவள் வேர்த்து ஒழுகிக்கொண்டு, "இங்க எல்லாரும் எவ்ளோ அக்கறையா இருக்கீங்க" என்றாள். எனக்குக் குற்ற உணர்ச்சியில், கொண்டுவந்த சில்லிக் கறிக்குழம்பில் உப்புப் போட்டேனா இல்லையா என்பதே மறந்துவிட்டது.

வழக்கம்போல வண்டியின் பின்கதவை இறக்கி, சில்லியும், பட்டைப்பொடி தூவிச் சுருட்டிய இனிப்பு ரொட்டியான சின்னமன் ரோலும் பரப்பினேன். அத்தான் நின்று இறைச்சி சுடுகிற இடத்தில் யாரும் நிற்கவில்லை. டெல்பர்ட்கூட அந்த இடத்தைச் சுற்றிக்கொண்டுதான் போனான். பாஸ்டரை ஜெபம் பண்ணச் சொன்னோம். நல்ல ஜெபம். ஆனால் முடிக்கிற இடத்தில், "ஆண்டவரே, இன்று இரண்டு அணிகளுக்கும் வெற்றியைத் தந்தருளும்" என்றார். ஆமென் சொல்ல வாயைத் திறந்தவர்கள் எல்லாம் அப்படியே நின்றார்கள்.

"பாஸ்டர், அது நடக்காது" என்றான் டெல்பர்ட்.

"ஆண்டவரால் கூடாதது உண்டா டெல்பர்ட்?"

"ஃபுட்பால்ல உண்டு. ரெண்டு பேரும் ஜெயிக்கணும்னா அவரே ரூல்ஸை மாத்தணும். மாத்துறதா இருந்தா மொதல்ல நம்ம கோச்சைத்தான் மாத்தியிருப்பாரு."

நான் டெல்பர்ட்டை முறைத்தேன். உங்கள் கொழுந்தனார் சிரிக்கவில்லை. ஏப்ரலுக்கு முன்னால் என்றால் அண்ணனும் தம்பியும் இதைப் பிடித்துக்கொண்டு ஒரு மாசத்துக்குச் சிரித்திருப்பார்கள்.

அக்கா, இனி எழுதப்போவது உங்களுக்கே தெரிந்தது. ஆனாலும் எழுதினால்தான் அடுத்தது எனக்குக் கோவையாக வரும். நம் நான்கு இடமும் முன்னும் பின்னுமாக இருக்கும். பதினேழாம் வரிசையில் அண்ணன் தம்பி, அவர்களுக்கு நேர் பின்னால் பதினெட்டில் நாம் இரண்டு பேரும். வெண்டல் அத்தான் ஆட்டம் முழுக்க மைதானத்தைப் பார்த்துத் தொண்டை கிழியக் கத்துவார். ஆனால் பந்தை அந்த இரண்டு மஞ்சள் கம்பத்துக்கும் நடுவே உதைக்கப் போகிறார்கள் என்றால் மட்டும் பார்க்கத் தைரியம் கிடையாது. எழுந்து, மைதானத்துக்கு முதுகைக் காட்டித் திரும்பி நின்று, உங்கள் முகத்தைப் பார்ப்பார். பந்து உள்ளே போயிற்றா வெளியே போயிற்றா என்று உங்கள் முகத்தில்தான் வாசிப்பார். நான் இந்தக் குடும்பத்துக்கு மருமகளாக வந்தபோதே அது பழைய வழக்கம். ஒரு தடவைகூடத் தப்பாக வாசித்ததில்லை. "வெண்டல், ஸ்கோர்போர்டு அந்தப் பக்கம்டா" என்று உங்கள் கொழுந்தனார்தான் முதல் ஆளாகக் கேலி செய்வார். "என் ஸ்கோர்போர்டு இதுதான், நீ உன் வேலையப் பாரு" என்பார் அத்தான். நீங்கள் காது சிவந்து, "திரும்புங்களேன், மானத்த வாங்காதீங்க" என்பீர்கள். ஆனால் முகத்தை மட்டும் ஒரு நாளும் திருப்பிக்கொண்டதில்லை.

உங்களுடைய அந்த இடத்தில்தான் பெய்ஜ் உட்கார்ந்திருந்தாள். அத்தான் இடத்தில் பாஸ்டர். அத்தானுடைய பழைய மெத்தைத் துண்டைத்தான் பாஸ்டருக்குப் போட்டேன், அலுமினியப் பலகை சுடுமே என்று. உங்கள் கொழுந்தனார் அதை ஒரு பார்வை பார்த்தார். பெய்ஜ் நல்ல பெண். கேள்விதான் நிற்கவில்லை. "ஏன் ஆன்ட்டி எல்லாரும் ஒரே எடத்துல விழுறாங்க?" "அந்தக் கோடு போட்ட சட்டைக்காரர் ஏன் மஞ்சத் துணிய வீசுறாரு, கோவமா?" "பந்து யார்கிட்ட இருக்குன்னு உங்களுக்கு எப்படித் தெரியுது?" கடைசிக் கேள்விக்கு அன்று நம் பையன்களுக்கே பதில் தெரியவில்லை. நம் அணிக்குப் பெயர் அறுவடைக்காரர்கள். அன்று அறுத்தது முழுக்க மேப்பிள் க்ரீக். தடுக்க வேண்டியவன் தடுக்கவில்லை, எறிந்தவன் ஆள் இல்லாத இடத்துக்கு எறிந்தான், பிடித்தவன் வழுக்கி விழுந்தான். கூலி கொடுத்துக் கூப்பிட்டு வந்தவன் நம் வீட்டிலேயே நம்மை வெளுத்துக்கொண்டிருக்கிறான். அந்தக் கூலி எவ்வளவு என்று டெல்பர்ட் சொன்னான். தோட்டத்தோடு ஒரு நல்ல வீடு வாங்கலாம் அக்கா. எனக்கு வயிறு எரிந்துபோயிற்று.

எப்படியோ தட்டுத் தடுமாறிக் கடைசி நிமிஷத்துக்கு வந்தோம். இரண்டு புள்ளி பின்தங்கி இருக்கிறோம், பந்தைக் கம்பத்துக்கு நடுவே உதைத்துவிட்டால் மூன்று, ஜெயம் நமக்கு. எல்லோரும் எழுந்து நின்றோம். நான் வழக்கம்போல, யாருக்கும் காயம் வேண்டாம் ஆண்டவரே, மற்றது உமது சித்தம், என்று ஜெபித்தேன், சித்தம் எதுவாக இருந்தால் நல்லது என்பதையும் கொஞ்சம் கோடி காட்டினேன். கண்ணைத் திறந்தால், உங்கள் கொழுந்தனார் தொப்பியைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு, மெதுவாக, மெதுவாக, மைதானத்துக்கு முதுகைக் காட்டித் திரும்புகிறார். இந்த மனுஷர் தன் வாழ்நாளில் ஒரு உதையைக்கூடப் பார்க்காமல் விட்டவர் இல்லை. யாரும் சொல்லவில்லை, யாரும் கேட்கவில்லை. திரும்பினவர் என்னைப் பார்க்கவில்லை அக்கா. உங்கள் இடத்தைப் பார்த்தார். அங்கே இருந்த முகத்தைப் பார்த்தார்.

பந்து பறந்தது. நான் பார்த்தேன். இடது பக்கக் கம்பத்தில் போய் டங்கென்று அடித்து, வெளியே விழுந்தது. ஆனால் பெய்ஜ் இரண்டு கையையும் கன்னத்தில் வைத்துக்கொண்டு, கிறிஸ்துமஸ் காலையில் பிள்ளைகள் முகம் மலருமே, அப்படி மலர்ந்தாள்! அதே நேரத்தில் மேப்பிள் க்ரீக்காரர்கள் அந்தப் பக்கம் கூரை இல்லாத மைதானத்துக்குக் கூரை போட்டுப் பெயர்க்கிற மாதிரி ஒரு கூச்சல் போட்டார்கள். முகத்தையும் கூச்சலையும் கூட்டிக் கணக்குப் போட்டார் உங்கள் கொழுந்தனார். "போயிருச்சு! உள்ள போயிருச்சு!" என்று தொப்பியை ஆகாயத்தில் விட்டெறிந்தார், காலடியில் வைத்திருந்த சில்லிக் குடுவையைத் தட்டினார், அது கவிழ்ந்து கீழ் வரிசையில் நின்ற டெல்பர்ட்டின் வெள்ளைக் காலணிக்குள் இறங்கிற்று, இவர் பக்கத்தில் நின்ற பாஸ்டரை இரண்டு கையாலும் தூக்கிக் கட்டிக்கொண்டார். பாஸ்டருக்கு என்ன தெரியும்? இவர் சந்தோஷப்படுகிறார், நாமும் சந்தோஷப்படுவோம் என்று அவரும் இவர் முதுகில் ஓங்கி ஓங்கித் தட்டி, "அல்லேலூயா! அல்லேலூயா!" என்கிறார். ஊரே தலையில் கை வைத்து நிற்கிறது, பதினேழாம் வரிசையில் மட்டும் திருவிழா.

டெல்பர்ட்தான் பக்கத்தில் வந்தான். "ராய்ஸு. டேய், ராய்ஸு. போகலடா."

உங்கள் கொழுந்தனார் கேட்கவில்லை போல இருந்தார். பிறகு கேட்டது என்று எனக்குத் தெரிந்தது, ஏனென்றால் தோள் அசைவது நின்றுவிட்டது. ஆனால் கையை எடுக்கவில்லை. அத்தான் நிற்கிற இடத்தில் நிற்கிற ஆளை அப்படியே பிடித்துக்கொண்டு நின்றார். பிறகு தோள் மறுபடி அசைந்தது. சவப்பெட்டிக்குப் பக்கத்தில் அழாத மனுஷர், அடக்கத்துக்குப் பிறகு வந்த பண்டங்களை எல்லாம் ஒரு வார்த்தை பேசாமல் தின்று முடித்த மனுஷர், அந்த வெயிலில், அத்தனை பேர் நடுவில், பாஸ்டருடைய தோளில் முகத்தை வைத்துக்கொண்டு விசும்பி விசும்பி அழுதார். பாஸ்டர் அல்லேலூயாவை நிறுத்திவிட்டார். ஜெபம்கூடச் சொல்லவில்லை. இறுகப் பிடித்துக்கொண்டு நின்றார். அவருக்கு ஃபுட்பால் தெரியாது. ஆனால் இந்த அழுகை ஃபுட்பாலுக்காக இல்லை என்று அந்தக் கூட்டத்தில் அவருக்கும் எனக்கும்தான் தெரிந்தது. மற்ற எல்லோரும் இவர் டீமுக்காக அழுகிறார் என்றே நினைத்தார்கள். "என்னா பாசம்டா டீம் மேல" என்று டெல்பர்ட் கண்ணைத் துடைத்துக்கொண்டான். சுற்றி இருந்தவர்கள் தொப்பியைக் கழற்றிக்கொண்டு நின்றார்கள். மேல் வரிசையிலிருந்து யாரோ ஒரு சின்னமன் ரோலை நீட்டினார்கள். யாரிடம் கொடுப்பது என்று தெரியாமல் நான் வாங்கி வைத்துக்கொண்டேன்.

வீட்டுக்கு வந்து அன்றைய கணக்கை எழுத உட்கார்ந்தேன். காணாமல் போன தொப்பி, கவிழ்ந்த சில்லி, டெல்பர்ட்டின் காலணி, எல்லாம் செலவுப் பக்கம் போயிற்று. உங்கள் கொழுந்தனார் அழுததை எந்தப் பக்கம் எழுதுவது என்று பேனாவை வைத்துக்கொண்டு வெகு நேரம் இருந்தேன். வரவில் வைத்தேன் அக்கா. சரிதானே?

மறுநாள் ஞாயிறு ஆராதனை முடிந்ததும் ஆலயத்துக்குக் கீழே காப்பி. உங்களுக்குத் தெரியும், தோற்ற வாரம் காப்பிக் கூட்டம் ஆராதனையைவிட நீளம்.

"முன்னால நின்னு தடுக்குற லைன்தான் ஓட்டை" என்று டெல்பர்ட் தொடங்கினான். "என் மாட்டு வேலி அதைவிட உறுதியா நிக்கும். அதுவும் மாடு நெனைச்சா நிக்கும்."

"கோச்சை மாத்தணும்" என்றது ஒரு குரல்.

"போன வருஷந்தான மாத்தினோம்?"

"அப்ப பழையவரைக் கூப்புடு."

"அவரு இப்ப மேப்பிள் க்ரீக்ல இருக்காரு."

அதற்குப் பிறகு கொஞ்ச நேரம் எல்லோரும் காப்பிதான் குடித்தார்கள். காற்றுதான் காரணம் என்றார் ஒருவர், கொடி அசையவே இல்லையே என்றார் இன்னொருவர். பாஸ்டர் ஊதாக்காரனுக்கும் சேர்த்து ஜெபித்ததால்தான் என்று ஒரு அம்மாள் மெல்ல இழுக்க, பாஸ்டர் தன் காப்பிக் கோப்பைக்குள் பார்த்துக்கொண்டார். எனக்குக் கம்பளிச் சட்டை ரகசியம் வெளியே வந்துவிடுமோ என்று பயம்.

அப்போது உங்கள் கொழுந்தனார் வாயைத் திறந்தார். மாதக்கணக்கில் அந்தக் கூட்டத்தில் வாய் திறக்காத ஆள். "டீமுக்கு ஒண்ணும் இல்ல. முகம்தான் தப்பு" என்றார்.

பெய்ஜுக்கு முகம் வெளுத்துவிட்டது. "என் மேல தப்புதான் அங்கிள். ஆனா நான் எப்படிக் கண்டேன்? நடுவுல அவ்ளோ பெரிய காலி இடம் கெடக்கு, அதுல யாரு வேணா உதைக்கலாம். கம்பத்துல குறி பாத்து அடிக்கிறதுதான கஷ்டம்? அடிச்சதும் மணி மாதிரி சத்தம் வேற வந்துச்சா, ஜெயிச்சோம்னு நெனைச்சுட்டேன்."

டெல்பர்ட் யோசித்து யோசித்து, "அப்படிப் பாத்தா நாமதான் ஜெயிச்சிருக்கோம்" என்றான். உங்கள் கொழுந்தனார் சிரித்துவிட்டார் அக்கா. சிரித்து, பெய்ஜின் கையைத் தட்டிக்கொடுத்து, "ஓம் மொகத்துல குத்தம் இல்ல தாயி. அது எங்க அண்ணி மொகம் இல்ல, அவ்வளவுதான். அண்ணி மொகம்னா எங்க அண்ணன் ஒரு நாளும் தப்பா படிச்சதில்ல" என்றார். ஏப்ரலுக்குப் பிறகு அண்ணன் என்ற வார்த்தை அவர் வாயிலிருந்து வந்தது அதுதான் முதல் தடவை. பிறகு அத்தானைப் பற்றிப் பாஸ்டரிடம் சொல்ல ஆரம்பித்தார். காப்பி தீர்ந்தது, நாற்காலிகளை மடித்தார்கள், விளக்கை அணைத்தார்கள். படியில் உட்கார்ந்து சொல்லிக்கொண்டே இருந்தார்.

திரும்பி வரும்போது வண்டியில், "அண்ணி வருவாங்களா?" என்றார்.

"நீங்களே போன் போட்டுக் கேளுங்களேன்" என்றேன்.

"எனக்கு வராது. நீ எழுது."

அதனால்தான் எழுதுகிறேன். உங்களுக்கு அங்கே வேலை இல்லை என்று எழுதியிருந்தீர்களே, வேலை இருக்கிறது அக்கா. உங்கள் கொழுந்தனார் இனி உதைகளைப் பார்க்க மாட்டாராம், அண்ணன் மாதிரி திரும்பித்தான் நிற்பாராம். அப்படி நிற்கிற மனுஷருக்குப் பார்க்க ஒரு முகம் வேண்டும். என்னைப் பார்க்கச் சொன்னேன். "உனக்கு ஆட்டம் நடக்கும்போது கண்ணு பாதி நேரம் மூடியிருக்கு, ஜெபம் பண்றியா தூங்குறியான்னே தெரியாது" என்கிறார். பந்து எங்கே போகிறது என்பதைப் பொய்யில்லாமல் சொல்லுகிற ஒரே முகம் இந்தக் கான்சாஸில் உங்களுடையதுதான். நீங்கள் சிரிக்க வேண்டாம், யாரிடமும் பேச வேண்டாம், அழுகை வந்தால் அழுங்கள், பதினேழாம் வரிசைக்கு அது இப்போது பழக்கம். உங்கள் டிக்கெட்டை இனி ஒருவருக்கும் கொடுக்க மாட்டேன். காலியாகக் கிடந்தாலும் கிடக்கட்டும். நான் இதை எழுதுகிறேன் என்றால் எவ்வளவு யோசித்திருப்பேன் என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

ஜோலீனுக்கும் மருமகனுக்கும் என் அன்பைச் சொல்லுங்கள், பிள்ளைகளுக்கு என் முத்தங்கள். வெயிலில் வெறும் தலையோடு நடக்காதீர்கள். உங்களை அங்கே பத்திரமாய் வைத்திருக்கிற ஆண்டவர் பத்திரமாய்ப் பதினெட்டாம் வரிசைக்குக் கொண்டுவந்தும் சேர்ப்பாராக.

உங்கள் அன்புத் தங்கை,
ஒப்பல்

பின்குறிப்பு: புதன்கிழமை. ஸ்டாம்பை ஒட்டிவிட்டு நிமிர்கிறேன், உங்கள் போன். இதில் எழுதியதை எல்லாம் போனிலேயே சொல்லிவிட்டேன். பேசி முடித்து அரை மணி ஆகிறது, இன்னும் அதே நாற்காலியில்தான் உட்கார்ந்திருக்கிறேன். ஒட்டின ஸ்டாம்பைப் பிய்க்க மனம் இல்லாததால், மேலே எழுதியதை எல்லாம் அப்படியே அனுப்புகிறேன். அதில் முக்கால்வாசி தப்பு என்று இப்போது நம் இருவருக்கும் தெரியும்.

சனிக்கிழமை கதவைச் சாத்திக்கொண்டு ஆட்டத்தைப் பார்த்தீர்களாம். அந்தக் கடைசி உதைதான் உங்கள் வாழ்க்கையிலேயே நீங்கள் கண்ணால் பார்த்த முதல் உதையாம். இத்தனை வருஷமும் ஒன்றைக்கூடப் பார்த்ததில்லையாம், ஜனங்கள் போடுகிற சத்தத்தைக் கேட்டு முகத்தை மாற்றிக்கொள்வீர்களாம். "அவரு என்னையே பாத்துக்கிட்டு நிக்கும்போது நான் வேற எங்க ஒப்பல் பாப்பேன்?" என்றீர்கள்.

இதை உங்கள் கொழுந்தனாரிடம் நான் சொல்லப்போவதில்லை. நீங்களும் சொல்லாதீர்கள். "அப்ப நான் வந்து என்ன பிரயோசனம், என் முகத்துக்கு ஒண்ணும் தெரியாதே" என்றீர்கள். போனை வைக்கும் முன் போகிற போக்கில், அக்டோபரில் இங்கே கோட்டு தேவைப்படுமா என்றும் கேட்டீர்கள். தேவைப்படும். நீங்கள் இங்கே விட்டுப்போன பழுப்புக் கோட்டை இன்று வெயிலில் போட்டிருக்கிறேன்.

வாருங்கள் அக்கா. அவர் திரும்பி நிற்கும்போது நீங்கள் அவரையே பாருங்கள், போதும். பந்தை நான் பார்த்துக்கொள்கிறேன், கண்ணைத் திறந்தே ஜெபிக்கிறேன். உள்ளே போனால் உங்கள் கையை ஒரு கிள்ளு கிள்ளுகிறேன். போகாவிட்டால் சும்மா பிடித்துக்கொள்கிறேன்.